நன்கொடை வந்த மறுநாள்



தொண்டு நிறுவனங்கள் சமூக ஊடகங்கள் வழியாக ஆதரவைத் திரட்டுவது எப்படி என்பது சமூகப்பணித் துறை மாணவர்களாகிய உங்களிடம் பேச எனக்குத் தரப்பட்ட தலைப்பு. என் தொழில் கணக்குத் தணிக்கை. முதியோர் இல்லம், குழந்தைகள் காப்பகம், மாலைநேரப் பள்ளி, ஏரி தூர்வாரும் இளைஞர் மன்றம் என்று சின்னச் சின்ன டிரஸ்டுகளின் வரவு செலவைப் பார்க்கிறேன். ஒரு பதிவுக்கு எத்தனை லைக் விழுந்தது என்பது என் மேசைக்கு வருவதில்லை. அதற்குப் பிறகு ரசீதுப் புத்தகத்தில் என்ன ஏறியது, ஏறிய பெயர் அடுத்த ஆண்டும் வந்ததா என்பது வரும். அந்த மேசையிலிருந்து பார்க்கும்போது ஒன்று எனக்கு உறுதியாகப் படுகிறது. ஊடகம் கூட்டத்தை ஒரே நாளில் கூட்டிவந்துவிடும். அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் நம்மோடு தங்குவார்கள் என்பதை, நன்கொடை வந்த மறுநாள் நாம் செய்யும் காரியம்தான் முடிவுசெய்கிறது.

உலகம் முழுக்கத் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டிலிருந்து தொடங்குகிறேன். 2014ஆம் ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அமெரிக்காவில் பரவிய ஐஸ் பக்கெட் சேலஞ்ச். உங்களில் பலர் அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்திருப்பீர்கள். ஏ.எல்.எஸ். என்பது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் செத்துப்போகும் நோய். கை போகும், கால் போகும், பேச்சு போகும், கடைசியில் மூச்சும் போகும். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் இந்த நோயோடுதான் பல பத்தாண்டுகள் வாழ்ந்தார். அவருக்கும் அந்த ஆகஸ்டில் சவால் விடப்பட்டது. முந்தைய ஆண்டு நிமோனியா வந்திருந்ததால், அவருக்குப் பதிலாக அவருடைய பிள்ளைகள் தலையில் ஊற்றிக்கொண்டார்கள்.

விதி எளிமையானது. ஒரு வாளி ஐஸ் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். அதைப் படம்பிடித்துப் போட வேண்டும். இன்னும் சிலரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும். அழைக்கப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் ஊற்றிக்கொள்ள வேண்டும், அல்லது நன்கொடை தர வேண்டும். பலர் இரண்டையும் செய்தார்கள். இதை அந்த நோய்க்கான சங்கம் உட்கார்ந்து திட்டமிடவில்லை. சவால் முன்பே வேறு வேறு நற்காரியங்களுக்காகச் சுற்றிக்கொண்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பாட் க்வின், பாஸ்டன் பகுதியைச் சேர்ந்த முன்னாள் பேஸ்பால் வீரர் பீட் ஃப்ரேட்ஸ் ஆகிய இரண்டு இளைஞர்கள் அதை ஏ.எல்.எஸ். பக்கம் திருப்பிப் பரப்பினார்கள். இருவருமே அந்த நோயாளிகள். ஃபேஸ்புக்கில் மட்டும் 1 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடியோக்கள் ஏறின.

இப்போது என் மேசைக்குரிய கணக்கு. ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 2013இல் ஜூலை 29 முதல் ஒரு மாதத்தில் வந்தது சுமார் 28 லட்சம் டாலர். 2014இல் அதே ஒரு மாதத்தில் வந்தது 10 கோடி டாலருக்கும் மேல். கொடுத்தவர்கள் 30 லட்சத்துக்கும் அதிகமானோர். மொத்தம் 11 கோடியே 50 லட்சம் டாலர் சேர்ந்தது.

இந்த வெற்றிக்கு வேடிக்கைதான் காரணம் என்று பலர் சொல்வார்கள். வேடிக்கையும் இருந்தது. ஆனால் அழைத்தவர் யார் என்பதைக் கவனியுங்கள். சங்கம் யாரையும் அழைக்கவில்லை. நண்பன் நண்பனை, அக்கா தம்பியை, மேலதிகாரி ஊழியரை எல்லோரும் பார்க்கப் பெயர் சொல்லி அழைத்தார்கள். நாள் கெடுவும் இருந்தது. செய்ய ஒரு வேலையும் இருந்தது. நம் ஊரில் பல நிறுவனங்களின் பக்கங்களில் ‘ஆதரவு தாரீர்’ என்று மட்டும் இருக்கிறது. எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பார்ப்பவர் அடுத்த ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று இருப்பதில்லை.

சங்கம் ஒரு முறை சறுக்கவும் செய்தது. ஆகஸ்ட் கடைசியில் அந்தச் சவாலின் பெயரைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்தது. மக்கள் உருவாக்கியதை நிறுவனம் உரிமை கொண்டாடுகிறது என்று எதிர்ப்புக் கிளம்ப, சில நாட்களிலேயே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. அப்படித் திரும்பப் பெற்றதை நான் மதிக்கிறேன்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியம். வந்த பணத்தைப் பங்கு பிரித்து வெளியிட்டார்கள். ஆராய்ச்சிக்கு 67 விழுக்காடு, நோயாளிகளுக்கான சேவைக்கு 20, நோய் பற்றிய கல்விக்கு 9, நிதி திரட்டும் செலவுக்கு 2, பணம் செலுத்தும் அமைப்புகளுக்கான கட்டணம் 2. அந்தக் கடைசி 2 விழுக்காடு என்பது ஏறத்தாழ 20 லட்சம் டாலர். கார்டு தேய்த்ததற்காக வெளியே போன பணம். அதை வேறொரு தலைப்புக்குள் மறைத்துவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. அவர்கள் மறைக்கவில்லை. 2016இல், இந்தப் பணத்தின் ஒரு பகுதியைப் பெற்ற பன்னாட்டு ஆய்வுக் குழு, நோயோடு தொடர்புடைய என்.இ.கே.1 என்ற மரபணுவை அடையாளம் கண்டது. தண்ணீர் ஊற்றிக்கொண்டவர்களுக்கு அந்தச் செய்தி எளிய மொழியில் போய்ச் சேர்ந்தது.

கெட்ட செய்தியும் வந்தது. அதே நிதியின் உதவியோடு வளர்ந்த ஒரு மருந்துக்கு 2022 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஒப்புதல் கொடுத்தது. பிறகு நடந்த பெரிய பரிசோதனையில் அது பயன் தரவில்லை என்று தெரிந்தது. 2024இல் தயாரித்த நிறுவனமே சந்தையிலிருந்து அதை விலக்கிக்கொண்டது. ஃப்ரேட்ஸ் 2019இலும் க்வின் 2020இலும் இறந்துபோனார்கள். மருத்துவ ஆராய்ச்சி அப்படித்தான் நகரும். நன்கொடை கொடுத்தவரிடம் இதையும் சொல்லக் கூடிய உறவு இருந்தால் அதற்குத்தான் ஆதரவு என்று பெயர் வைப்பேன்.

2015 கோடையில் அதே சவாலை மறுபடி நடத்திப் பார்த்தார்கள். முதல் ஆண்டு வசூலின் அருகில்கூட வரவில்லை. அலை ஒரு முறைதான் வரும். எனவே ‘நமக்கும் ஒரு வைரல் வீடியோ வேண்டும்’ என்று டிரஸ்ட் கூட்டங்களில் யாராவது சொன்னால், வந்தால் என்ன செய்யப் போகிறோம் என்று முதலில் எழுதி வையுங்கள் என்கிறேன்.

எழுதி வைக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2012இல் ஒரு சாட்சி உண்டு. இன்விசிபிள் சில்ட்ரன் என்ற அமெரிக்க அமைப்பு, உகாண்டாவில் குழந்தைகளைக் கடத்திப் போராளிகளாக்கிய ஜோசப் கோனியைப் பற்றி ‘கோனி 2012’ என்ற அரைமணி நேரப் படத்தை மார்ச் 5ஆம் தேதி வெளியிட்டது. ஆறே நாளில் 10 கோடிப் பார்வைகள். ஆனால் கோனி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே உகாண்டாவை விட்டுப் போயிருந்தார். அமைப்பின் செலவில் எவ்வளவு நேரடியாக மக்களுக்குப் போகிறது என்ற கேள்வி எழுந்தபோது பதில்கள் தடுமாறின. படத்தை உகாண்டாவின் லிரா நகரில் திரையிட்டபோது, பாதிக்கப்பட்ட மக்களே கொதித்துப் போனார்கள். தங்களை விடப் படம் எடுத்தவரைப் பற்றியே படம் அதிகம் பேசுகிறது என்பதும், தங்கள் கைகால்களை வெட்டியவனின் பெயரை டீ சட்டையில் அச்சிட்டு விற்பதா என்பதும் அவர்கள் ஆற்றாமை. ஏப்ரல் 20 இரவு நகரமெங்கும் போஸ்டர் ஒட்ட வாருங்கள் என்ற அழைப்புக்குச் சொற்பப் பேரே வந்தார்கள். யாருக்காகப் பேசுகிறோமோ அவர்கள் பார்த்தால் தலை நிமிர்ந்து இருக்க முடியுமா? ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். முதியோர் இல்லங்களுக்குள் நுழைந்தால் வரவேற்புக் கூடத்தில் ஒரு கரும்பலகை இருக்கும். ‘இன்றைய மதிய உணவு: காலஞ்சென்ற இன்னார் நினைவாக, மகன்கள், மகள்கள், பேரப்பிள்ளைகள்’ என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிப்பார்கள். படித்தவர்களில் ஒருவர், ‘எங்க அப்பா நினைவு நாளுக்கும் கொடுக்கலாமா, எவ்வளவு ஆகும்?’ என்று கேட்பார். நான் தணிக்கை செய்யும் ஓர் இல்லத்தின் மேலாளர் அம்மாவிடம் நீள வாக்கில் ஒரு நோட்டு உண்டு. நாள் வாரியாகக் குடும்பங்களின் பெயர், தொலைபேசி எண், யார் நினைவாக, என்ன சாப்பாடு, பாயசம் உண்டா இல்லையா என்பது வரைக்கும் அதில் இருக்கும். சில குடும்பங்கள் தேதி பார்ப்பார்கள், சில குடும்பங்கள் திதி பார்ப்பார்கள். திதி ஆண்டுக்காண்டு வேறு தேதியில் வரும் என்பதால், சித்திரை பிறந்ததும் அந்த அம்மா பஞ்சாங்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அந்த வருஷத் தேதிகளைப் பென்சிலில் குறித்துவிடுவார். ஒரு வாரம் முன்பு போன் செய்வார். ‘ஐயா, வர்ற வியாழக்கிழமை அம்மா திதி வருது. இந்த வருஷம் நேர்ல வர முடியுமா?’ மறக்க இருந்த மகனுக்கு அந்தப் போன் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்த நோட்டில் இருக்கும் குடும்பங்கள் அந்த இல்லத்தை விடுவதே இல்லை. அவர்கள் கொடுக்கும் பணத்தின் வரவை நான் ஆண்டுக்கு ஆண்டு பார்க்கிறேன்.

ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் அந்தக் கரும்பலகையை ஊருக்கு வெளியேயும் தெரிய வைக்கின்றன. நோட்டு எழுதும் வேலையை அவை செய்வதில்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

இன்று அந்தக் கரும்பலகையின் இடத்தில் போட்டோ வந்திருக்கிறது. குழந்தைகள் காப்பகத்துக்குப் பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் கேக் வாங்கி வருகிறார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, ‘கேமராவைப் பாரு கண்ணு’ என்று சொல்லி எடுக்கிறார்கள். பசியோடு நிற்கும் பிள்ளை படம் எடுத்து முடியும் வரை பொட்டலத்தைப் பிரிக்காமல் நிற்கிறது. அந்தப் படத்தை இல்லமே தன் பக்கத்தில் போடுகிறது, கூடவே வங்கிக் கணக்கு எண்ணும். எனக்கு இது தாங்கவில்லை. அந்தப் பிள்ளை நாளை உங்களைப் போல ஒரு கல்லூரியில் உட்கார்ந்திருக்கும். அப்போதும் அந்தப் படம் எங்கோ ஒரு போனில் இருக்கும். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் போட்டோம் என்பது விலக்கு ஆகாது.

‘முகம் இல்லாவிட்டால் பணம் வராதே ஐயா’ என்று நிர்வாகிகள் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆப்பிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரங்களைப் படித்தவர்களை விட, மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் கதையைப் படித்தவர்கள் அதிகம் கொடுத்தார்கள். கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது வரவு குறைந்தது. மனிதர் மனம் ஒருவருக்காகத்தான் முதலில் இளகுகிறது. ஆகவே முகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த முகம் என்று கேட்கிறேன். இருபது வருஷமாக இல்லத்தின் சமையலறையில் நிற்கும் அம்மாவின் முகம் இருக்கிறது. அங்கே வளர்ந்து, இன்று வேலைக்குப் போய், தானாக முன்வந்து பேசும் பெரியவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லித்தர வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கிறார். பிள்ளைகள் வரைந்த படங்கள், பெயர் இல்லாமல், இருக்கின்றன. ஒழுகிய கூரையும், மாற்றிய கூரையும், ஓடு வாங்கிய பில்லும் இருக்கின்றன. பில்லைப் போட்டு ஒரு முறை சோதித்துப் பாருங்கள். அதற்குக் கீழே வரும் கேள்விகள் உண்மையான ஆர்வத்தோடு வரும்.

அலை எவ்வளவு நாள் நிற்கும் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. 2015 செப்டம்பரில் துருக்கிக் கடற்கரையில் உயிரற்று ஒதுங்கிய சிரியக் குழந்தை ஆலன் குர்தியின் படம் உலகையே உலுக்கியது. சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்தின் அகதிகள் நிதிக்கு அடுத்த வாரம் வந்த நன்கொடைகளின் எண்ணிக்கை முந்தைய வாரத்தைப் போல நூறு மடங்குக்கு மேல். ஆறு வாரத்துக்குள் வரவு பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. போர் நிற்கவில்லை, அகதிகள் வருவதும் நிற்கவில்லை. அந்த ஆறு வாரத்துக்குள் நீங்கள் யாரோடு பேசினீர்களோ அவர்கள்தான் மிஞ்சுவார்கள்.

எப்படிப் பேசுவது? க்யூஆர் கோடு போட்ட பதிவுக்கு வரும் பணத்தை வங்கி ஸ்டேட்மென்டில் பாருங்கள். 101 ரூபாய், 501 ரூபாய் என்று வரிசையாக இருக்கும். பாதி பெயர் இருக்கும், ஒரு நீளமான எண் இருக்கும், சிலர் குறிப்பில் ‘அம்மா நினைவு’ என்று எழுதியிருப்பார்கள். முகவரி இருக்காது. பெயரும் முகவரியும் பதிவு செய்யாத நன்கொடை ஒரு வரம்பைத் தாண்டினால், பொது அறக்கட்டளைக்கு வருமான வரிச் சட்டம் 30 விழுக்காடு வரி போடுகிறது. கொடுத்தவருக்கு வரிச் சலுகைச் சான்று தர வேண்டுமானாலும் அவர் விவரம் வேண்டும். எனவே க்யூஆர் கோடுக்குக் கீழேயே, ‘பணம் அனுப்பியதும் இந்த எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் பெயர், ஊர், யார் நினைவாக என்று தெரிவியுங்கள்’ என்று எழுதுங்கள். அவர் அனுப்பியதும் அன்றிரவே ரசீது போக வேண்டும். அதிலேயே ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று கேளுங்கள். காரணம் இருக்கிறது. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியலில் நாம் அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். எத்தனையோ நிறுவனங்கள் மாதாமாதம் செய்தி அனுப்பி, பாதிப் பேருக்குப் போகவே இல்லை என்பது தெரியாமல் இருக்கின்றன.

சிங்கப்பூரிலிருந்தும் கனடாவிலிருந்தும் நம்மவர்கள் பதிவைப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்பார்கள். இங்கே மிகவும் கவனம் வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சேமிப்பிலிருந்து முறைப்படி வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், அவர் உங்கள் சொந்தத் தாய்மாமனாகவே இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. பதிவு உள்ளவர்களும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் கணக்கில்தான் வாங்க முடியும். உங்கள் ஊடகப் பதிவிலேயே இதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். பணத்தைத் திருப்பி அனுப்பும் சங்கடம் மிச்சமாகும்.

இன்னொன்று, ‘போதும்’ என்று சொல்லப் பழக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் முகம் தெரியாத இளைஞர்கள் ட்விட்டரில் வந்த உதவிக் குரல்களைத் தொகுத்து, சரிபார்த்து, படகையும் பாலையும் அனுப்பியது நம் காலத்தின் பெருமை. அதே நாட்களில், மீட்கப்பட்டுவிட்ட குடும்பத்துக்காக மறுநாளும் செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. ரத்தம் தேவை என்ற செய்திகள் வருஷக் கணக்கில் குழுக்களில் சுற்றுகின்றன. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினச் சாலையோரங்களில் யாரும் உடுத்த முடியாத பழந்துணி மலையாகக் குவிந்தது. ஒவ்வொரு வேண்டுகோளிலும் தேதியும் நேரமும் இடமும் இருக்க வேண்டும். தேவை முடிந்ததும் அதே பதிவைத் திருத்தி, ‘கிடைத்துவிட்டது, இனி அனுப்ப வேண்டாம்’ என்று மேலேயே போட வேண்டும். அப்படிச் சொன்ன நிறுவனம் அடுத்த முறை கேட்டால் மக்கள் நம்பிக் கொடுப்பார்கள்.

ஊடகங்களும் நிலையாக இருப்பதில்லை. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் தன் நியூஸ் ஃபீடில் நண்பர், உறவினர் பதிவுகளுக்கு முன்னுரிமை என்று அறிவித்தது. நிறுவனப் பக்கங்களின் பதிவுகள் கண்ணில் படுவது குறைந்தது. 2020 ஜூன் 29ஆம் தேதி இந்திய அரசு டிக்டாக்கைத் தடைசெய்தது. அதில் மட்டுமே லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் வெறுங்கையோடு நின்றார்கள். ஆதரவாளர் பட்டியல், அவர்கள் சம்மதத்தோடு, நம் கையில் ஒரு நோட்டிலோ எக்ஸெல் கோப்பிலோ இருக்க வேண்டும்.

முடிப்பதற்கு முன் உங்களிடம் நேரடியாக ஒரு வேண்டுகோள். களப்பணிக்காக நிறுவனங்களுக்குப் போகும் மாணவர்களிடம்தான் பெரும்பாலும் ‘நீங்க சின்னப் பசங்க, ஃபேஸ்புக் பார்த்துக்குங்க’ என்று கொடுத்துவிடுகிறார்கள். நீங்கள் உங்கள் போன் எண்ணிலேயே பக்கத்தைத் தொடங்குகிறீர்கள். படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விடுகிறீர்கள். ஓடிபி உங்கள் போனுக்கு வருகிறது. இல்லத்தில் யாராலும் உள்ளே நுழைய முடிவதில்லை. பழைய பக்கம் செத்துக் கிடக்க, புதிதாக வரும் மாணவர் இன்னொரு பக்கம் தொடங்குகிறார். பார்ப்பவருக்கு எது உண்மையான பக்கம் என்று தெரிவதில்லை. இதைப் பயன்படுத்தி யாராவது போலிப் பக்கம் தொடங்கி வசூல் செய்தால் தடுப்பதும் கடினம். நான் போகும் டிரஸ்டுகளில், பீரோ, வண்டி, கம்ப்யூட்டர் எல்லாம் எழுதும் சொத்துப் பதிவேட்டிலேயே இந்தப் பக்கங்களையும் எழுதச் சொல்கிறேன். நிறுவனத்தின் பெயரில் வாங்கிய சிம், நிறுவனத்தின் மின்னஞ்சல், நிர்வாகியாக இருவர். உங்கள் களப்பணியின் கடைசி நாளில் பாஸ்வேர்டை மாற்றி அவர்கள் கையில் கொடுங்கள். உங்கள் பெயரை நீக்கச் சொல்லுங்கள். ஒப்படைத்தது பற்றி மினிட் புத்தகத்தில் தேதி போட்டு எழுதச் சொல்லி, அறங்காவலரிடம் கையெழுத்து வாங்கிவிட்டுப் புறப்படுங்கள்.